குறியெதிர்ப்பையும் நாணயமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



‘பணம்’ என்னும் பொருள் குறித்துப் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, பொருளியல் துறையினர் ஒருவரை அழைத்திருக்கலாமே என்றேன். “பொருட்பால் பாடம் சொல்பவர் நீங்கள்தாமே!” என்று உடனே விடை வந்தது. அவ்விடையிலிருந்து தப்ப வழியில்லாமற் போயிற்று. எனவே, தமிழ் படித்தவள் என்ற அளவில், சொற்களின் வழியாகவே இப்பொருளை அணுக விரும்புகிறேன். இடையிடையே பொருளியல் அறிஞர்களின் துணையையும் நாடுவேன்.

நான் பணிபுரியும் கல்லூரியில் தமிழ்ப் பாடத்தில் முதன்மை பெறும் மாணவிக்கு ஆண்டுதோறும் ஒரு பரிசு வழங்கப்படுகிறது. 1970களில் பெரியவர் ஒருவர் ஆயிரம் ரூபாயை வைப்புநிதியாக இட்டு ஏற்படுத்திய அறக்கட்டளைப் பரிசு அது. அந்நாளில் ஓராண்டு வட்டியில் நல்ல தமிழ் நூல்கள் பல வாங்கி, கயிற்றால் கட்டி, மாணவியின் இரு கைகளிலும் வைப்பார்களாம். இன்று அந்த ஆயிரம் ரூபாயின் ஓராண்டு வட்டி அறுபது, எழுபது ரூபாய். ஒரு திருக்குறள் உரைநூலுக்கும் அது போதாது. ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துத்தான் பரிசைக் கொடுக்கிறோம்.

இதில் என்னை நெடுநாள் உறுத்திய செய்தி ஒன்று உண்டு. அப்பெரியவர் சொன்ன தொகையைக் கொடுத்தார். கல்லூரி அதைத் தொடாமல் காத்தது. வங்கி ஒரு காசு குறையாமல் வட்டி தந்தது. எவரும் வாக்குத் தவறவில்லை. ஆயினும் அவர் மனத்தில் எண்ணிய அறம் தேய்ந்துவிட்டது. களவு நிகழாமலே பொருள் களவு போனது எப்படி? இக்கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். காசுக்கு நாம் வழங்கும் பெயர்களுள் ஒன்று நாணயம். வடமொழியின் நாணகம் என்பதோடு தொடர்புடைய சொல் என்பர். ஆனால் தமிழில் அது பெற்ற வளர்ச்சி வியப்புக்குரியது. “அவர் நாணயமானவர்” என்கிறோம். கையிலுள்ள காசும் மனிதனின் வாக்குத் தவறாமையும் ஒரே பெயரைப் பெற்றுவிட்டன. இவ்வாறே கடன் என்னும் சொல்லும். பட்ட கடனும் கடன். ஆற்றவேண்டிய கடமையும் கடன். பணம் என்பது அடிப்படையில் ஒரு வாக்குறுதி என்னும் உண்மையைத் தமிழ் பேசுவோர் தம் சொல்வழக்கிலேயே பொதிந்து வைத்திருக்கின்றனர்.

பழங்காலத்தில் பண்டமாற்று மட்டுமே இருந்தது, பிறகு காசு வந்தது, அதன்பின் கடன் வந்தது என்று பாடநூல்களில் படித்திருக்கிறோம். சங்க இலக்கியம் காட்டும் வாழ்வு இவ்வரிசைக்குள் அடங்குவதில்லை. பண்டமாற்று இருந்தது உண்மை. உமணர் மகள் உப்பை நெல்லுக்கு நேர் என்று கூவி விற்பதை அகநானூற்றில் காண்கிறோம். தேனும் கிழங்கும் கொடுத்து மீன்நெய்யும் நறவும் பெற்றதைப் பொருநராற்றுப்படை பேசுகிறது. ஆனால் அதே காலத்தில் குறியெதிர்ப்பை என்றொரு வழக்கமும் இருந்தது. அளவு குறித்து ஒரு பொருளை வாங்கி, பின்னர் அதே அளவு திருப்பித் தருவதே குறியெதிர்ப்பை. குமணனிடம் பரிசில் பெற்று வந்த பெருஞ்சித்திரனார், தம் மனைவியிடம் யார் யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று சொல்லும்போது, வறுமைக் காலத்தில் குறியெதிர்ப்பை தந்து உதவிய பெண்களையும் மறவாமல் சேர்க்கிறார். வள்ளுவரோ ஈகை அதிகாரத்தின் முதற்குறளிலேயே வறியவர்க்குக் கொடுப்பதையே ஈகை என்று கொண்டு, ஏனைய கொடைகளையெல்லாம் குறியெதிர்ப்பை என ஒதுக்குகிறார்.

அடுத்த வீட்டில் ஓர் ஆழாக்கு அரிசி கைமாற்றாக வாங்கும் நம் தாய்மார் இன்றும் செய்வது இதைத்தான். அங்கே காசு இல்லை, கடன் உண்டு, நாணயமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குறி, அதாவது ஓர் அளவு உண்டு. வாங்கிய ஆழாக்காலேயே திருப்பி அளக்க வேண்டும். ஆழாக்கு சுருங்காது, பெருகாது. இந்தக் குறியை அன்பர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். என் பேச்சு முழுவதும் இதைச் சுற்றியே வரும்.

காசு பொன்னாக இருந்தபோது அதன் மதிப்பு பொன்னில் இருந்தது, தாளுக்கு ஏது மதிப்பு என்று சிலர் கேட்பர். யவனர் கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு மீண்டதை நாம் அறிவோம். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஐந்நூறுக்கு மேற்பட்ட உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைமீது ஒரு வெட்டு விழுந்திருந்தது. அவை மீண்டும் நாணயமாகச் செல்லாதிருக்க வேண்டி வெட்டப்பட்டவை என்பது ஆய்வாளர் பலர் கருத்து. பொன் குறையவில்லை, எடை குறையவில்லை; ஆயினும் அந்த வெட்டு விழுந்ததும் காசு வெறும் உலோகமாகிவிட்டது. காசைக் காசாக்குவது பொன்னுக்கு மேலான வேறொன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. முத்திரைக்குப் பின்னால் நிற்கும் வாக்கே அது.

நம் நூறு ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள். அதை வைத்திருப்பவருக்கு நூறு ரூபாய் தருவதாக ரிசர்வ் வங்கியின் ஆளுநர் கையொப்பமிட்டு உறுதியளிக்கிறார். அத்தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன தருவார்? வேறு தாள்களோ காசுகளோ தருவார். பொன் தரமாட்டார். 1971 ஆகஸ்டு 15ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன், பிற நாட்டு அரசுகளுக்கு டாலருக்குப் பொன் தருவதை நிறுத்திய பின், உலகின் பெரும் பணங்களுள் எதுவும் பொன்னோடு கட்டுண்டிருக்கவில்லை. வங்கியில் நாம் காணும் இருப்பும் இவ்வாறே. ஒருவர் போட்ட பணத்தை எடுத்து மற்றவர்க்கு வங்கி கடன் தருகிறது என்றே நாம் எண்ணியிருக்கிறோம். வங்கி கடன் தரும்போது கடன்பெற்றவர் கணக்கில் புதிய வைப்பொன்றை எழுதுகிறது, அவ்வகையில் பணம் புதிதாகப் பிறக்கிறது என்று இங்கிலாந்து வங்கி 2014இல் தன் காலாண்டிதழில் விளக்கியது. ஆக, தாளும் வாக்கு, கணக்கும் வாக்கு. ஒரு நாட்டின் பணம் என்பது அந்நாட்டு மக்கள் ஒருவர்க்கொருவர் பட்டிருக்கும் குறியெதிர்ப்பைகளின் தொகுப்பு எனலாம்.

இனி, இப்பணம் ஒரு நாடு முழுவதிலும் என்ன செய்கிறது என்பதைக் காண்போம். இதுவே பேரியல் பொருளாதாரத்தின் களம். ஒரு வீட்டுக்குப் பொருந்தும் அறம் நாட்டுக்கும் அப்படியே பொருந்திவிடுவதில்லை என்பது அத்துறையின் முதற்பாடம். ஒரு வீட்டில் செலவைச் சுருக்கினால் சேமிப்பு வளரும். நாட்டில் எல்லா வீடுகளும் ஒரே நாளில் செலவைச் சுருக்கினால் என்ன ஆகும்? ஒருவர் செலவே மற்றொருவர் வரவு. எனவே எல்லாருடைய வரவும் சுருங்கும். சேமிக்க எண்ணியவரும் சேமிக்க இயலாது போகும். 1930களின் பெருமந்தத்தைக் கண்ட கெயின்சு, 1936இல் வெளியிட்ட தம் பெருநூலில் இதனை வலியுறுத்தினார்.

இங்கே என் துறையிலிருந்து ஒரு சொல்லைத் தர விரும்புகிறேன். செலவு என்பதற்குச் சங்க இலக்கியத்தில் பயணம் என்று பொருள். பொருள்வயிற் பிரியும் தலைவன் புறப்படத் தயங்கி நிற்பதைச் செலவழுங்குதல் என்பர். நாடு முழுவதும் மக்கள் கையிலுள்ள பணத்தை விடத் தயங்கி நிற்கும் நிலையும் ஒரு செலவழுங்குதல்தான். அந்தத் தயக்கம் போகாமலே இருந்துவிடுவதற்காக அன்று, தலைவியைத் தேற்றி ஆற்றுவிப்பதற்காகவே என்று தொல்காப்பியர் விளக்குகிறார். தேறுதல் கிடைத்துவிட்டால் செலவு தொடரும். மந்த காலத்தில் அரசே முன்வந்து செலவிட்டு நாட்டைத் தேற்ற வேண்டும் என்று கெயின்சு சொன்னதன் சாரமும் இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை.

செலவு தடைப்படுவதை நாமே கண்டிருக்கிறோம். 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு, ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லா என அறிவிக்கப்பட்டன. புழக்கத்திலிருந்த தாள்களின் மதிப்பில் 86 விழுக்காடு அவையே. மறுநாள் காலை என் தாயார், அரிசிப் பானைக்குள்ளிருந்து ஒரு துணி முடிப்பை எடுத்து என்முன் வைத்தார். வீட்டில் எவரும் அறியாத சிறுவாட்டுப் பணம். “இது இனிச் செல்லாதாமே, மெய்யா?” என்று கேட்டார். வரிசையில் நின்று அதை மாற்றிக் கொடுத்தேன். ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆனால் அவர் இழந்தது வேறு. தம் பணம் தமக்கு மட்டும் தெரிந்தது என்னும் தெம்பை அவர் இழந்தார். 15.41 லட்சம் கோடி ரூபாய் மதிப்புள்ள அத்தாள்களில் 15.31 லட்சம் கோடி வங்கிகளுக்குத் திரும்பிவிட்டன என ரிசர்வ் வங்கியின் 2017-18ஆம் ஆண்டறிக்கை கூறுகிறது. அவற்றின் மதிப்பு பெரும்பாலும் அழியவில்லை, செலவுதான் அழுங்கியது. அந்த வாரங்களில் நாட்கூலிக்குக் காத்து நின்றவர்களே அதன் சுமையை முதலில் தாங்கினர்.

இதுவரை சொன்னது வாக்கும் அதன் செலவும். இனிக் குறிக்கு வருகிறேன். ஆழாக்கு சுருங்காது, பெருகாது என்றேன். பணம் என்னும் ஆழாக்கோ சுருங்கும், பெருகும். சுருங்கினால் அதைப் பணவீக்கம் என்கிறோம். பெருகினால் பணவாட்டம் என்கிறோம். இரண்டுக்கும் நம் வரலாற்றோடு தொடர்புடைய ஒவ்வொரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தவர்களுள் முதன்மையானவர்கள் நம் நாட்டுக்கோட்டை நகரத்தார். விதைக்கும் காலத்தில் கடன், அறுவடையில் அடைப்பு என்பது முறை. 1930இல் பெருமந்தம் கீழ்த்திசையையும் தாக்க, நெல்விலை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. கடன்பத்திரத்தில் எழுதிய ரூபாய் மாறவில்லை. ஆனால் நூறு கூடை நெல் விற்று அடைக்கவேண்டிய கடனுக்கு இப்போது இருநூறு கூடை வேண்டியதாயிற்று. விளைச்சலோ முன்போலவே. விவசாயி நாணயமற்றவன் ஆகிவிடவில்லை. அவன் கடன்பட்ட குறி பெருத்துவிட்டது. நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையிலிருந்த நிலம் 1930இல் ஆறு விழுக்காடாக இருந்து, 1938இல் இருபத்தைந்து விழுக்காடாயிற்று. அவர்களும் நிலத்தை விரும்பிப் பெற்றவர் அல்லர். அவர்கள் தொழில் பணத்தைச் செலுத்தி மீட்பது. நிலமிழந்தவன் வெறுப்புக்கு அவர்கள் ஆளாயினர். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது பலர் உயிர்மட்டும் மிஞ்ச ஊர் திரும்பினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. கொடுத்தவரும் இழந்தார், வாங்கியவரும் இழந்தார். பணவாட்டம் செய்யும் வேலை இது.

அதே 1942இல் பர்மா வீழ்ந்ததால் வங்காளத்துக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. போர்ச் செலவுக்காகத் தாள்கள் பெருமளவில் வெளியிடப்பட்டன. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் மணங்கு 13, 14 ரூபாயாக இருந்த அரிசி, 1943 மே மாதத்தில் 30 ரூபாயைத் தாண்டியது. கூலி அவ்வாறு ஏறவில்லை. அதன்பின் நேர்ந்த கொடும்பஞ்சத்தில் மாண்டவர் பதினைந்து லட்சம் என்றது அரசின் விசாரணைக் குழு. முப்பது லட்சத்தை நெருங்கும் என்பது அமர்த்தியா சென்னின் கணக்கு. விளைச்சல் குறைவு மட்டும் இதற்குக் காரணமன்று எனத் தம் 1981ஆம் ஆண்டு நூலில் அவர் எடுத்துக்காட்டினார். அவர் சுட்டும் ஒரு வேறுபாடு என் நெஞ்சை விட்டு அகலாதது. விளைச்சலில் பங்காக நெல்லையே பெற்ற வாரக்குடியானவர்கள் ஓரளவு தப்பினர். பணத்தைக் கூலியாகப் பெற்ற வேளாண் தொழிலாளர் பெருந்தொகையாக மடிந்தனர். அளவுமரக்கால் சுருங்காதவன் பிழைத்தான். பண ஆழாக்கால் அளந்து வாங்கியவன் மாண்டான். கூலி குறைத்த முதலாளி எவனும் இல்லாமலே அவன் கூலி குறைந்தது.

ஆகவேதான், ஒரு நாட்டின் நடுவண் வங்கியை நான் அளவைக் காவலர் என்று கருதுகிறேன். வட்டியை உயர்த்துதலும் தாழ்த்துதலும் நாளிதழில் நாம் படிக்கும் வறட்டுச் செய்திகளாகத் தோன்றும். உண்மையில் அவை ஆழாக்கின் விளிம்பைச் செப்பம் செய்யும் முயற்சிகள். 2016இல் திருத்தப்பட்ட ரிசர்வ் வங்கிச் சட்டத்தின்கீழ், நுகர்வோர் விலையேற்றம் ஆண்டுக்கு நான்கு விழுக்காடு, இரண்டு கூடலாம் அல்லது குறையலாம் என இலக்கு வகுக்கப்பட்டது. அளவு ஒருபோதும் மாறாது என்று அது சொல்லவில்லை. மெல்ல, எல்லாரும் முன்கூட்டி அறியும் வகையில் மாறும் என்றே சொல்கிறது. சற்றும் ஏறாத விலை எளிதில் வீழ்ச்சியாகிவிடும் என்னும் அச்சம் அதற்கு ஒரு காரணம். தனிமனிதனின் நாணயம் வாக்கைக் காப்பது. அரசின் நாணயம் அளவைக் காப்பது. முன்னது இருந்தும் பின்னது தவறினால் என்ன நேரும் என்பதைப் பர்மாவிலும் வங்காளத்திலும் கண்டோம். என் கல்லூரியின் பரிசில் நேர்ந்ததும் அதன் சிறிய வடிவமே. விலை ஆண்டுக்கு ஏழு விழுக்காடு ஏறினால் பத்தாண்டில் இருமடங்காகும். ஐம்பதாண்டில் முப்பது மடங்கைத் தொடும். ஆயிரம் ரூபாய் அப்படியே இருந்தது. அதன் குறி கரைந்துவிட்டது.

இதற்கு வழி உண்டா? நம் முன்னோர் ஒரு வழி கண்டிருந்தனர். சோழர் காலக் கல்வெட்டுகளில் காசு வைப்புகளும் உண்டு. தஞ்சைப் பெரியகோயிலில் வைத்த காசை ஊர்ச் சபைகள் வாங்கி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது பன்னிரண்டரை விழுக்காடு, செலுத்தின. ஆனால் நந்தா விளக்கெரிக்க அவர்கள் பெரிதும் நாடியது ஆடுகளை. ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள். அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவ்வாடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாவாத, மூப்படையாத ஆடு உலகில் உண்டோ? ஆடு சாகும், ஆனால் பிறக்கும் குட்டிகளைக் கொண்டு இடையர் எண்ணிக்கையை நிறைத்துவைக்க வேண்டும். குட்டிகள் எல்லாவற்றையும் விற்றுத் தின்றால் விளக்கு அணைந்துபோகும். நெய்யின் அளவும் உழக்கால் குறிக்கப்பட்டதே ஒழிய, நெய்யின் விலையால் குறிக்கப்படவில்லை.

நாங்கள் செய்த தவறு எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் செலவிட்டோம். குட்டிகளை எல்லாம் விற்றோம். ஏழு விழுக்காடு வட்டி வந்து, விலை நான்கு விழுக்காடு ஏறினால், எழுபது ரூபாயில் நாற்பதை முதலோடு சேர்த்து முப்பதை மட்டுமே செலவிட வேண்டும். அந்த நாற்பது வருமானமன்று. செத்த ஆட்டுக்கு ஈடு. பரிசு முதலாண்டில் சிறிதாகத் தோன்றும். ஆனால் ஐம்பதாம் ஆண்டிலும் அதே அளவு நூல்களை வாங்கும்.

நம் வட்டமும் பத்தாண்டு நிறைவின் நினைவாக இளம் எழுத்தாளர்க்கு ஒரு பரிசு ஏற்படுத்த எண்ணியிருப்பதாகத் தலைவர் அவர்கள் சற்றுமுன் அறிவித்தார்கள். அறக்கட்டளைப் பத்திரத்தில் இத்தனை ரூபாய் பரிசு என்று எழுத வேண்டாம். இத்தனை நூல்கள் என்று எழுதுங்கள். விலையேற்றத்துக்கு ஈடான வட்டியை முதலோடு சேர்க்க வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து, நம்மில் எவரையும் அறியாத ஒரு பெண் மேடையேறி வந்து இரு கைகளையும் நீட்டும்போது, அவள் கைகளுக்கு நிறைவான கனம் இருக்க வேண்டும். நாம் அவளுக்குப் பட்டிருக்கும் குறியெதிர்ப்பை அது.